“பத்து இஞ்சியில ஒண்டு போட்டு விடுங்கோ” என்று கேட்பதற்கு முன்

ஸ்பீக்கர் பெட்டியோடு என் திருத்துக் கடைக்கு வருகிறவர்களில் பலர் வாசலிலேயே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்கள். “அண்ணை, வூஃபர் போட்டுது. பத்து இஞ்சியில நல்லதா ஒண்டு பாத்துப் போட்டு விடுங்கோ.” பெட்டி பெரும்பாலும் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் அண்ணனோ மாமாவோ ஆசையாக வாங்கி அனுப்பியதாக இருக்கும். வூஃபர் என்பது பெட்டிக்குள் பாஸ், அதாவது அடித்தொனி, தருகிற பெரிய ஸ்பீக்கர். அந்த வூஃபரைக் கழற்றி எறிந்துவிட்டு அதே அளவில் வேறொன்றைப் பூட்டுவது சுலபமான வேலை. ஆனாலும் நான் அதற்கு உடனே சம்மதிப்பதில்லை.

நல்ல ஸ்பீக்கரில் வூஃபரும் பெட்டியும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை. 1954இல் அமெரிக்காவில் எட்கார் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங் ஆக்கினார். பின்னர் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மோல் என்ற பொறியியலாளர்கள் வகுத்த கணக்குகளை வைத்துத்தான் இன்றைக்கும் பெட்டிகளை வடிவமைக்கிறார்கள். முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பான கோனின் எடை, அது அசையும் இலகு, காந்தத்தின் வலு, பெட்டியின் கொள்ளளவு எல்லாம் கூடித்தான் பாஸ் பிறக்கிறது. விட்டம் மட்டும் ஒத்துப்போனால் வூஃபர் ஓட்டைக்குள் இறங்கும், அவ்வளவுதான். பாஸ் கும்மென்று ஊதும் அல்லது வற்றிப்போகும். மற்றப் பக்கத்து ஸ்பீக்கரோடும் சேராது.

ஆகவே முதலில் பாருங்கள். முன்னுக்குள்ள துணி மூடியை எடுத்துவிட்டு, கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையமாக இருந்து, பிசுபிசுத்த தூளாகக் கையோடு வந்தால் நோய் அதுதான். பொலியூரித்தேன் ஃபோம் பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் பதினைந்து இருபது வருடத்தில் உக்கிவிடும். எங்கள் வெக்கையும் மாரிகால ஈரமும் அதைக் கெதியாக்கும். பழைய ஜேபிஎல், இன்ஃபினிட்டி, ஏஆர் பெட்டிகளில் இதை அடிக்கடி காணலாம். உள்ளே, கோனை அசைக்கும் கம்பிச் சுருளான கொயில் பெரும்பாலும் சுகமாகவே இருக்கும்.

அதை உறுதிசெய்ய ஒரு மல்டிமீற்றர் போதும். பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து வூஃபரைக் கழற்றுங்கள். காந்தம் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து இழுக்கும், ஒரு நொடியில் கோன் ஓட்டையாகிவிடும். மட்டை ஒன்றை இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துவிட்டு வயர்களைக் கழற்றி, கொயிலின் மின்தடையை ஓமில் அளந்து பாருங்கள். 8 ஓம் என்று போட்டிருக்கும் வூஃபர் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் வூஃபர் மூன்றரைக்குக் கிட்டக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கலாம். அல்லது முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருக்கலாம். பின்னல் கம்பி என்றால் பிழைத்தீர்கள், அதற்கென்றே உள்ள கம்பியால் சோல்டர் பண்ணலாம். சாதாரண வயரைப் போட்டால் அசைந்து அசைந்து மறுபடி அறும். அடுத்து, இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக உள்ளே அமர்த்துங்கள். சரசரவென்று உரசினால் கொயில் கருகிப் பொங்கியிருக்கிறது, அல்லது நடு விலகியிருக்கிறது.

ஃபோம் மாற்றுவதை வீட்டில் நீங்களே செய்யலாம். பொறுமைதான் முதல். வளையத்தை “பத்து இஞ்சி” என்று சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், வளைவின் உள் வெளி விட்டங்கள், கோனைத் தாங்கும் வெளிச் சட்டத்தின் விட்டம் எல்லாம் மில்லிமீற்றரில் அளந்து, அதற்குச் சரியானதை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பியுங்கள், எடையில்லாத சாமான். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துச் சுத்தமாக்குங்கள். பிறகு கோனின் நடுவில் இருக்கும் சிறு மூடியான டஸ்ட் கப்பைக் கூரான பிளேட்டால் வெட்டி எடுத்தால் கொயிலும் அதற்குள் நிற்கும் இரும்புத் தண்டும் தெரியும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றர் கூட இராது. பழைய எக்ஸ்றே படத்தை ஒடுக்கமான கீலங்களாக வெட்டி, நாலு பக்கமும் அதற்குள் இறக்குங்கள். கொயில் அசையாமல் நடுவில் நிற்கவேண்டும்; ஆனால் இறுகிச் சிக்கக் கூடாது. முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள், பிறகு சட்டத்தோடு. முழுதாக ஒரு நாள் போன பின்பே கீலங்களை உருவுங்கள். கோனை அமர்த்திப் பார்த்து, சத்தம் இல்லாவிட்டால் டஸ்ட் கப்பை ஒட்டலாம்.

பசை விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், சுப்பர் குளூ வேண்டாம். காய்ந்தால் கண்ணாடிபோல விறைத்து, அசையும் இடத்தில் வெடித்துவிடும். சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையமாக ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கறண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. அந்தக் கெட்டித்தனத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. ஆனால் ரியூப் ரப்பர் கனதி, விறைப்பு. அது கோனைக் கட்டிப்போட்டுவிடும்.

கொயில் எரிந்திருந்தால் வீட்டில் கை வைக்கவேண்டாம். கம்பியின் தடிப்பு, எத்தனை சுற்று, எத்தனை அடுக்கு, சுற்றிய உருளை அலுமினியமா கடதாசியா என்று எல்லாம் பழையதைப் போலவே அமையவேண்டும். அதே கொம்பனியின், கொயிலோடு சேர்ந்து வரும் மாற்றுக் கோன் தொகுதி கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. எரிந்ததையும் எறியாதீர்கள், அளவெடுக்க அது ஒன்றுதான் ஆதாரம். காந்தத்தைச் சட்டத்திலிருந்து ஒருபோதும் பிரிக்கவேண்டாம்.

இனித்தான் பலரும் கேட்காத கேள்வி: கொயில் ஏன் எரிந்தது? வூஃபருக்குள் போகும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் சத்தமாகிறது, மற்றதெல்லாம் கொயிலில் சூடாகிறது. பாஸ் குமிழைத் திருப்பி 10 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் 10 மடங்கு வலு வேண்டும். சின்ன அம்பிளிபயர் அதைத் தாங்காமல் அலையின் உச்சிகளை வெட்டத் தொடங்கும், சூடு இன்னும் ஏறும். பிறந்தநாள் வீடுகளில் வோல்யூமை முழுதாகத் திருப்பி வைக்கிற இரவுகளில் நடப்பது இதுதான்.

அம்பிளிபயரே பழுதாகி வூஃபரை எரிப்பதும் உண்டு. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால் முப்பது நாற்பது வோல்ற் டீசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், நேரே கொயிலுக்குள் போகும், சில நொடிகளில் புகைமணம் வரும். கனடாவிலிருந்து வந்த அம்பிளிபயரும், அம்பிளிபயர் உள்ளே வைத்த சப்வூஃபரும் 120 வோல்ற்றுக்குச் செய்தவையாக இருக்கும். எங்கள் கறண்ட் 230. பின்னால் ஒட்டியிருப்பதை வாசித்துவிட்டு, 120 மட்டும் என்றிருந்தால் அதன் வாற்றைத் தாங்கக்கூடிய ட்ரான்ஸ்போமர் வழியாக மட்டும் கொடுங்கள்.

திருத்திய வூஃபரைப் பூட்டுவதற்கு முன், ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, பாட்டு எதுவும் போடாமல் அம்பிளிபயரை ஓன் பண்ணி, அதன் ஸ்பீக்கர் முனைகள் இரண்டுக்கும் இடையில் டீசி வோல்ற் அளவுங்கள். ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வ் அம்பிளிபயருக்கு இந்தச் சோதனை வேண்டாம். அதை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கக் கூடாது. மற்றவற்றில் சில பத்து மில்லிவோல்ற் காட்டினால் பயமில்லை. வோல்ற் கணக்கில் காட்டினால் வூஃபரை மேசையிலேயே விட்டுவிட்டு அம்பிளிபயரைத் திருத்தக் கொடுங்கள். மூடியை நீங்கள் திறக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கப்பாசிற்றர்களில் மின்சாரம் தங்கி நிற்கும்.