லேம்ப்ஸ் ராக் விளிம்பிலிருந்து டிரோன் விடாதீர்கள்

குன்னூரில் முகூர்த்த மாதம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போன வாரமும் ஒரு கல்யாண ஷூட்டிங் தம்பி லேம்ப்ஸ் ராக் காட்சிமுனை விளிம்பில் நின்று பள்ளத்தாக்கின் மேல் டிரோனை விட்டிருக்கிறார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட பிறகும் இறக்கவில்லை. கேட்டால், "அண்ணா, இது 250 கிராம்கூட இல்ல, லைசென்ஸே வேண்டாம். அதுவும் 400 அடிக்குள்ளதான் பறக்குது" என்கிறார்.

டிரோன் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதற்குமுன் விமானப்படையில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தேன். இந்த இரண்டு பதிலையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

முதலில் 400 அடி. 2021 டிரோன் விதிகளின்படி, முன் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் உச்சவரம்பு அதுதான், 120 மீட்டர். ஆனால் அது டிரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளப்பது. ரிமோட் திரை காட்டும் உயரமோ நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் பழகியவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஏனென்றால் அங்கே தரை சமம். இங்கே பாறை விளிம்பைத் தாண்டி நேராக வெளியே விட்டுப் பாருங்கள். திரை 20 மீட்டர் என்றுதான் சொல்லும். கீழே தரை எங்கே? மரங்கள் பாசிபோலத் தெரிகிற ஆழத்தில். வரம்பை எப்போதோ தாண்டிவிட்டீர்கள், திரை உங்களுக்குச் சொல்லாது. டால்ஃபின்ஸ் நோஸ், கோடநாடு காட்சிமுனை எல்லா இடத்திலும் இதே கதைதான்.

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து குன்னூர்ப் பக்கத்து ராணுவ ஊரான வெலிங்டன் வரும் ஹெலிகாப்டர் மேட்டுப்பாளையம் சமவெளியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேருடன் வந்த எம்ஐ-17 வி5 நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததே, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்துவிட்டது என்றுதான் முப்படை விசாரணைக் குழு முதலில் சொன்னது. மேகத்தோடு மல்லுக்கட்டும் பைலட்டுக்கு உங்கள் டிரோனும் வேண்டுமா? 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீ அணைக்கவும் சூலூர் எம்ஐ-17தான் பக்கெட்டில் தண்ணீர் சுமந்து வந்தது. அப்படி ஒரு நேரத்தில் குறுக்கே டிரோன் தெரிந்தால் ஹெலிகாப்டர் விலகித்தான் ஆகவேண்டும். தீ காத்திருக்காது.

250 கிராமுக்குள் இருந்தால் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம், அவ்வளவுதான். அரசு அனுமதியில்லாமல் பறக்கவே கூடாத சிவப்பு மண்டலம் அதற்கும் சிவப்பு மண்டலமே. "பறவை மாதிரிதானே" என்பார்கள். பறவை மோதினாலே ஹெலிகாப்டரை இறக்கி, பிளேடு பிளேடாகத் தடவிப் பார்ப்போம். டிரோனில் இருப்பது மோட்டாரும் லித்தியம் பேட்டரியும். டெயில் ரோட்டாரில், அதாவது வால் விசிறியில், அது பட்டால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கும் யோசிக்கவே விரும்பமாட்டார்.

விமானம் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. 2020-இல் சூலூரில் தேஜஸ் போர் விமானம் ஓட்டத் தொடங்கிய 18-வது ஸ்குவாட்ரன்தான் (விமானப் பிரிவு), 1971-இல் நேட் விமானத்தில் ஸ்ரீநகரைக் காத்து உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோனின் ஸ்குவாட்ரன். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், வானத்தைக் காட்டுங்கள். டிரோன் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கிளப்பும் முன், எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பாருங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் வேண்டாம். வெலிங்டன் கன்டோன்மென்ட், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கம் எடுத்தே போகாதீர்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடனே கையால் ஓட்டிச் சரிவை ஒட்டித் தாழ்த்திக் கொண்டுவந்து இறக்குங்கள். தயவுசெய்து 'ரிட்டர்ன் டு ஹோம்' பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். பெரும்பாலான டிரோன்கள் அதை அழுத்தியதும் முதலில் மேலே ஏறும்.