ஈயம், விளிம்பு, மெழுகு: .22 தோட்டா ஏன் சிக்கிக்கொள்கிறது?

என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு அந்தச் சின்னத் தோட்டா பழக்கமானதுதான். மொத்த நீளம் ஓர் அங்குலம், பருமன் 5.7 மி.மீ. அந்த ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் ‘போல்ட்’ என்ற கட்டியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த குண்டு. தோட்டா கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் கை அழுத்தித் தள்ளிவிடும். அமெரிக்காவில் பண்ணை வீடுகளிலும் சுடுதளங்களிலும் பெருவாரியாகப் புழங்கும் செமி-ஆட்டோமேட்டிக் .22 ரைஃபிளில் அந்தக் கை கிடையாது. விசையை அழுத்துவதோடு சுடுபவரின் வேலை முடிந்தது. வெற்றுக் கூட்டை வெளியே எறிவது, ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) மறுபடி ஏற்றிவைப்பது, மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியிலிருந்து) அடுத்த தோட்டாவை உருவி சேம்பருக்குள் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறைக்குள்) தள்ளுவது எல்லாவற்றையும் இப்போது வெடித்த அந்த ஒரு தோட்டாவே செய்து முடிக்க வேண்டும். அதாவது தோட்டாதான் அங்கே எஞ்சின். பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வேகத்தை மட்டும் பார்த்துத் தோட்டா வாங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ருகர் 10/22. 1964-இல் சந்தைக்கு வந்து இன்றுவரை விற்பனையில் இருக்கும் ரைஃபிள். இதில் சேம்பரைப் பூட்டிவைக்கும் பொறிமுறை எதுவும் இல்லை. தோட்டாவின் பின்னால் போல்ட் என்ற ஓர் இரும்புக் கட்டி, அதை முன்னோக்கி அழுத்தும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். தோட்டா வெடித்ததும் வாயு குண்டை முன்னே தள்ளும். அதே அழுத்தம் கூட்டின் அடிப்பகுதி வழியாக போல்ட்டைப் பின்னே தள்ளும். இதை ‘புளோபேக்’ என்பார்கள். பூட்டே இல்லாமல் எப்படிப் பாதுகாப்பாக இருக்கிறது என்றால், எடை வித்தியாசத்தால்தான். குண்டு 2.6 கிராம். போல்ட்டை உத்தேசமாக 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குண்டு 47 செ.மீ. பேரலை (குழலை)க் கடந்து வெளியேறும்போது போல்ட் அதிகபட்சம் 6 மி.மீ. நகர்ந்திருக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் முதல் சில சென்டிமீட்டர்களில் அது ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. போல்ட் நன்றாகத் திறக்கும் நேரத்தில் அழுத்தம் வடிந்துவிடும்.

இனி கணக்கு. பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான். குண்டின் உந்தமும் போல்ட்டின் உந்தமும் சமம். அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் சி.சி.ஐ. மினி-மேக் போன்ற ‘ஹை வெலாசிட்டி’ தோட்டாவில் 2.6 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 376 மீட்டரில் போகிறது. 200 கிராம் போல்ட்டுக்கு அதனால் கிடைப்பது நொடிக்கு 4.9 மீட்டர் வேகம், ஆற்றலாகச் சொன்னால் 2.4 ஜூல். குண்டு கொண்டுபோகும் ஆற்றலோ 180 ஜூலுக்கு மேல். துப்பாக்கி தன் வேலைகளையெல்லாம் செய்துகொள்ள மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஸ்பிரிங்கை அழுத்துவது, ஹேமரை ஏற்றுவது, பிசுக்குப் பிடித்த பரப்புகளின் உராய்வைத் தாண்டுவது எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அதே எடைக் குண்டு, ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ வகையில் நொடிக்கு 326 மீட்டர். வேகம் 13 சதவீதம்தான் குறைவு. ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் போல்ட்டுக்குக் கிடைப்பது 1.8 ஜூல், கால் பங்கு போய்விட்டது. சுத்தமான, எண்ணெய் போட்ட ரைஃபிள் இதில் ஓடிவிடும். இருநூறு குண்டு சுட்டுக் கரி படிந்தபின் அதே ரைஃபிள் திணற ஆரம்பிக்கும். அக்கம்பக்கம் தொந்தரவு இல்லாமல் சுட வேண்டும் என்பதற்காகச் செய்த ‘கொய்யட்-22’ வகை நொடிக்கு 216 மீட்டர்தான். போல்ட்டுக்கு 0.8 ஜூல்கூட முழுதாகக் கிடைக்காது. அது கையால் இயக்கும் ரைஃபிளுக்கென்று வந்த சரக்கு. செமி-ஆட்டோவில் போட்டுவிட்டு ஏற்றவில்லையே என்று தோட்டாவைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

இந்த இடத்தில் சுவாரசியமான ஒரு விதிவிலக்கு. அகிலா என்ற மெக்சிகோ நிறுவனம் 60 கிரெய்ன், அதாவது 3.9 கிராம் எடையுள்ள குண்டை வைத்து ஒரு சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவான, தோட்டா செய்கிறது. நொடிக்கு 290 மீட்டர்தான். ஸ்டாண்டர்ட் வகையைவிடவும் மெதுவானது. வேகத்தை மட்டும் பார்த்தால் இது போல்ட்டை அசைக்கவே கூடாது. உந்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 1.13 கி.கி. மீ./நொடி. மினி-மேக்குக்கு 0.97-தான். சத்தம் போடாத இந்த மந்தத் தோட்டா பல செமி-ஆட்டோக்களை மளமளவென்று ஓட்டுவதன் ரகசியம் இதுதான். துப்பாக்கிக்கு வேண்டியது எடையும் வேகமும் சேர்ந்த பெருக்கல். (ஆனால் சும்மா கிடைக்கிற வரம் இல்லை. அவ்வளவு நீளமான குண்டைச் சுழற்றி நிலைப்படுத்த, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வழக்கமான வரித்தடம் (குழலின் உட்சுவரில் உள்ள சுருள் பள்ளம்) போதாது. குண்டு தள்ளாடி, அட்டையில் பக்கவாட்டில் போய்த் தைக்கும்.) எதிர்த் திசையில் ஸ்டிங்கர் என்ற தோட்டா: 2.1 கிராம் குண்டு, நொடிக்கு 500 மீட்டர். வேகம் மலைக்க வைக்கும், உந்தம் 1.04. மினி-மேக்கைவிட ஏதோ கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு வலு இருந்தால் போதுமா? அடுத்த தோட்டா ஒழுங்காக வந்து சேர வேண்டுமே. இங்கே தலைவலி கொடுப்பது விளிம்பு.

.22 போன்ற ‘ரிம்ஃபயர்’ (விளிம்பில் பற்றவைக்கும்) தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில் வெளியே துருத்தும் ஒரு வளையம் உண்டு. கூடு 5.7 மி.மீ., வளையம் 7.1 மி.மீ. பற்றவைக்கும் கலவை இந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது. ஃபைரிங் பின் (அடிக்கும் ஊசி) அதன் ஓரத்தை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1857-இல் ஸ்மித் அண்ட் வெசன் தன் முதல் ரிவால்வருக்காகக் கொண்டுவந்த .22 ஷார்ட் காலத்திலிருந்து இதே ஏற்பாடு. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கிய .22 லாங் ரைஃபிள்தான் இன்று நாம் பேசும் தோட்டா. பெட்டி மேகசினிலிருந்து தானாக ஏறும் துப்பாக்கிகள் அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை. யாருமே மேகசினை மனதில் வைத்து வடிவமைக்காத ஒரு பண்டத்தை மேகசினில் அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய தலை உள்ள ஆணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடுக்கு விசிறி போல வளையும் அல்லவா, அதேதான் இங்கும். 25 தோட்டா பிடிக்கும் .22 மேகசின்கள் வாழைப்பழ வளைவில் இருப்பது அழகுக்காக இல்லை. வளைவு மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு கிளம்பும். இரண்டும் நகராது. ‘ரிம் லாக்’ என்பது இதுதான். நீளமான மேகசினில் தோட்டா போடும்போது ஒவ்வொன்றையும் பின்சுவரோடு ஒட்டவைத்து, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேகமாக நிரப்பும் கருவியில் கொட்டி அடைப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

10/22-இன் பத்துத் தோட்டா மேகசின் இந்தச் சிக்கலை அடியோடு ஒழித்தது. அதற்குள் இருப்பது சுழலும் ஒரு ரோட்டர். அதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம். ஒரு விளிம்பு இன்னொரு விளிம்பைத் தொடவே தொடாது. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வாய்ப்பகுதி உலோகத்தில் இருப்பதால் எளிதில் வளையாது, தேயாது. சாவேஜ் 99 ரைஃபிளின் சுழல் மேகசின்தான் இதற்கு முன்னோடி. 10/22 இவ்வளவு பேர் கைக்குப் போனதற்கு அதன் பேரலைவிட இந்த மேகசின்தான் காரணம் என்பது என் கட்சி.

மேகசினின் வாயிலிருந்து கிளம்பிய தோட்டா ஒரு சாய்தளத்தில் மூக்கை உரசி மேலேறிச் சேம்பருக்குள் நுழைய வேண்டும். உருண்டை மூக்குள்ள குண்டு வழுக்கிக்கொண்டு போகும். மூக்கில் பள்ளம் உள்ள ‘ஹாலோ பாயின்ட்’ வகையும் மழுங்கிய கூம்பு வகையும் சில ரைஃபிள்களில் சாய்தளத்தின் ஓரத்தில் முட்டி நிற்கும். வெறும் ஈயம் மென்மையானது; முட்டினால் நசுங்கும், சீவல் சீவலாக உதிரும். மேலே மெல்லிய செம்பு முலாம் பூசியிருந்தால் கடினமும் வழுக்கலும் கூடும். முலாம் இல்லாத ஈயக் குண்டுகளுக்கு மெழுகோ கிரீஸோ தடவியிருப்பார்கள். போட்டிகளுக்கான விலையுயர்ந்த ஈலி (Eley), எஸ்.கே. (SK) நிறுவனத் தோட்டாக்களைக் கையில் எடுத்தாலே விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புதான் குண்டு ஒரே இடத்தில் விழ உதவுகிறது. அதுவேதான் மேகசினுக்குள் தூசியையும் கரியையும் சேர்த்து அப்பிக்கொள்கிறது. குளிர்காலத்தில் கிரீஸ் இறுகினால் இன்னும் மோசம். காகித அட்டையில் சின்ன ஓட்டை போடுவதற்கான தோட்டாவும், தங்குதடையின்றி ஏறுவதற்கான தோட்டாவும் பெரும்பாலும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொண்டால் பணம் மிச்சம்.

சிக்கிய துப்பாக்கியை உடனே தட்டிக் கொட்டிவிடாமல், குழல் வாயைச் சுடுதளத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் உள்ளே உற்றுப் பார்த்தால் அதுவே காரணத்தைச் சொல்லும். வெற்றுக் கூடு நெட்டுக்குத்தாக நின்று போல்ட்டில் நசுங்கிக் கிடந்தால் போல்ட் போதிய தூரம் பின்னே போகவில்லை: தோட்டா வலுவில்லாதது, அல்லது ரைஃபிள் அழுக்கு, அல்லது கூட்டைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறது. கூடு வெளியே போய்விட்டது, ஆனால் சேம்பர் காலி, மேகசினில் தோட்டா அப்படியே இருக்கிறது என்றால் அதுவும் வலுக்குறைவே. போல்ட் அடுத்த விளிம்பைத் தாண்டாமலே திரும்பிவிட்டது. புதுத் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றால் மேகசினையோ குண்டின் வடிவத்தையோ சந்தேகிக்கலாம். மேகசின்களில் எண் எழுதி வையுங்கள். கோளாறு மேகசினோடு போகிறதா, தோட்டாப் பெட்டியோடு போகிறதா என்று பத்தே நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஐநூறு தோட்டா கொண்ட மலிவுப் பெட்டியைத் தூக்கும் முன், நாலைந்து வகைகளில் ஐம்பது ஐம்பதாக வாங்கி, ரைஃபிளைத் துடைக்காமல் தொடர்ந்து சுட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. புத்தம்புது ரைஃபிளாக இருந்தால் ஸ்பிரிங் இளகும்வரை முலாம் பூசிய, உருண்டை மூக்கு ஹை வெலாசிட்டியே போதும். வேறு பரிசோதனை வேண்டாம்.

சேம்பரையும் மறந்துவிடக் கூடாது. துல்லியப் போட்டிக்காக இறுக்கமாகக் கடைந்த சேம்பரில் குண்டின் மூக்கு வரித்தடத்தில் பதிந்து உட்காரும். சுடாமல் தோட்டாவைத் திரும்ப எடுத்தால் குண்டு அங்கேயே தங்கி, கூடு மட்டும் கையோடு வந்து, வெடிமருந்து பொறிக்குள் கொட்டும். ஸ்டிங்கரின் கூடு வழக்கத்தைவிட நீளம் என்பதால் அத்தகைய சேம்பரில் அதைப் போடவே கூடாது.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் அந்த விளிம்பு மடிப்பின் கோளாறு. ஆலையில் ஈரக் கலவையைக் கூட்டின் அடியில் இட்டு, வேகமாகச் சுழற்றி வளையத்துக்குள் பரப்புகிறார்கள். சுற்றில் ஓரிடத்தில் கலவை பரவாமல் போய், ஃபைரிங் பின் சரியாக அங்கேயே அடித்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். அடிப்பகுதியின் நடுவில் பற்றவைக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைவிட ரிம்ஃபயரில் இது அடிக்கடி நடப்பதற்கு இந்தச் செய்முறையே காரணம். அப்படி நடந்தால் குழலைத் திருப்பாமல் முப்பது நொடி பொறுத்து, பிறகு வெளியே எடுங்கள். சில சமயம் தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஃபைரிங் பின் ஆழமாகப் பதிந்த தடம் விளிம்பில் இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. மேலோட்டமான கீறல்தான் என்றால் ஃபைரிங் பின்னையோ ஹேமர் ஸ்பிரிங்கையோ பாருங்கள். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் மட்டும் அடுத்த குண்டைச் சுடவே வேண்டாம். முந்தையது பேரலுக்குள் நிற்கக்கூடும். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, குழலின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பார்த்த பிறகுதான் அடுத்தது.