ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்து

திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதுச்சேரி பார்ட்டிக்குப் பில் போடும்போது அவருடைய ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். அப்போது நெட்கூட இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் உடனே 'தவறான எண்' என்றது. யாரிடமும் கேட்காமல் அதற்கு எப்படித் தெரிந்தது?"

விடை அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமும் கேரளப் பக்கம் இருக்கும் மாஹேயும்கூட 34தான். அடுத்த 10 இடங்கள் பான் எண். 13ஆவது, அதே பானுக்கு அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. 14ஆவது வழக்கமாக 'இசட்'. கடைசியாக நிற்கும் 15ஆவதற்குச் சொந்தமாக எந்தத் தகவலும் கிடையாது. முன்னால் உள்ள 14ஐயும் கண்காணிப்பதுதான் அதன் ஒரே வேலை.

கணக்கு இப்படி. 0 முதல் 9 வரை அப்படியே. 'ஏ' என்றால் 10, 'பி' என்றால் 11, இப்படியே போய் 'இசட்' 35. ஆக மொத்தம் 36 குறிகள். இடமிருந்து வலமாக முதல் குறியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை இரட்டிப்பாக்குங்கள், மூன்றாவது அப்படியே, நான்காவது இரட்டிப்பு. இரட்டித்தது 36ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, 36ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 'கே' 20, இரட்டித்தால் 40, ஈவு 1, மீதி 4, ஆக 5. 14 இடங்களுக்கும் இப்படிச் செய்து கூட்டி, அந்தத் தொகை 36இன் அடுத்த மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ, அதற்குரிய குறிதான் கடைசி எழுத்து.

இதைக் கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் சுலபமாகச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஊரிலும் கிளை வைத்திருக்கும் ஒரே நிறுவனத்தின் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பான் ஒன்றே, 13ஆவது இடமும் ஒன்றாக இருந்தால், 33 என்பது 34 ஆவது மட்டுமே வித்தியாசம். இரண்டாவது இடம் இரட்டிக்கப்படுவதால் தொகை 2 கூடும். கடைசி எழுத்து இரண்டு படி இறங்கும். கடலூர் பில்லில் 'கே' என்றால் புதுச்சேரி பில்லில் 'ஐ'. எனக்கு இது இன்னமும் வித்தை மாதிரிதான் இருக்கிறது.

சரி, எதற்கு இந்த இரட்டிப்பு? சும்மா கூட்டினால் போதாதா? போதாது. வேகமாகத் தட்டும் கை 34ஐ 43 என்று அடித்துவிடும். வெறும் கூட்டலில் இரண்டுமே 7. இரட்டித்துக் கூட்டினால் முதலாவது 3+8=11, இரண்டாவது 4+6=10. மாட்டிக்கொண்டது! கடைப் பெயருக்கு ஒரு எழுத்தைக் கூடச் சேர்க்கச் சொல்லிக் காசு வாங்கும் நியூமராலஜி அன்பர்கள் செய்வது அந்த வெறும் கூட்டல்தான். அவர்கள் கணக்கில் 34க்கும் 43க்கும் ஒரே பலன். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு பள்ளிகளுக்குக் கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஹான்ஸ் பீட்டர் லூன். துணியில் இழை எண்ணும் கருவியைக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்முக்குப் போனவர். 1954இல் விண்ணப்பித்த காப்புரிமை 1960இல் கிடைத்தது. கிரெடிட் கார்டு எண்களைச் சரிபார்ப்பதும் இவர் முறைதான். அங்கே 10ஐ வைத்து, இங்கே 36ஐ வைத்து.

ஒரு குறியை மாற்றி அடித்தால் இந்த முறை கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் குறிகள் இடம் மாறினாலும் பிடிக்கும், ஒரே ஒரு ஜோடியைத் தவிர: 0ம் இசட்டும். ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம் என்பது பெரும்பாலும் முன்பே முடிவானது. அந்த ஜோடி இடம் மாறினால் கணக்கு ஏமாந்தாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையான ஓட்டை வேறு. ஒன்று விட்டு ஒன்று இடம் மாறி, 123 என்பது 321 ஆனால் இதற்குத் தெரியாது. பிரிட்டனின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் அதையும் விடாது: ஏழு இலக்கங்களை 8, 7, 6 என 2 வரை இறங்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 97ஐ வைத்து இரண்டு காவல் இலக்கங்களைப் போடுகிறார்கள். 97 ஒருநாளும் செய்தியில் வராது. எனக்கென்னவோ 97தான் சுவாரசியமான ஆள்.

வாசகருக்கு இன்னொன்று. இந்தக் கணக்கு தவறுகளைத்தான் பிடிக்கும், திருடர்களை அல்ல. சூத்திரம் தெரிந்தவர் இல்லாத கம்பெனிக்கும் 'சரியான' எண் தயாரித்துவிடலாம். அதனால் புதுப் பார்ட்டி என்றால், நெட் வந்ததும் ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். லாகின்கூட வேண்டாம். பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் வந்துவிடும்.