வெந்த சுண்ணாம்பு மறுபடி வேகாது

பிப்ரவரி வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 28-ஆம் தேதி தேசிய அறிவியல் நாள். காரைக்குடியைச் சுற்றிப் பள்ளிக்குப் பள்ளி கண்காட்சி வைப்பார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். அதில் ஒன்றிரண்டு பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு, கண் டாக்டரான என் முன்னால் வந்து உட்காருவார்கள். இந்த வருடம் மூன்றாவது பிள்ளையையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்புப் பையன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழல் வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்குமே, நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்று காட்ட, அந்தச் சோதனை. நல்ல சோதனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கு அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் கை வைத்திருக்கிறான். பாக்கெட்டின் முனை காய்ந்து அடைத்திருந்தது. முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினான். பிதுங்கி, வெடித்து, வலது கண்ணுக்குள் போய்விட்டது.

எனக்குக் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததில்தான். முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஒரு சொம்புகூடக் கண்ணில் ஊற்றவில்லை. விளக்கெண்ணெய் விட்டு, துணியால் கட்டி, காரில் ஏற்றி நாற்பது நிமிடம் கழித்துக் கொண்டுவந்தார்கள்.

“ஆச்சி, ஏன் தண்ணி ஊத்தல?”

“சுண்ணாம்புல தண்ணி பட்டாக் கொதிக்கும்னு எனக்குத் தெரியாதா தம்பி? வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப எத்தனை தடவை பாத்திருக்கேன்!”

அவர் பார்த்தது பொய்யில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டால் வருவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் குமுறும், ஆவி பறக்கும், பாத்திரத்தைத் தொட முடியாது. அப்படிக் கொதித்து நீறி அடங்கியதுதான் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. அது ஏற்கெனவே தண்ணீர் குடித்து முடித்தது. மறுபடி எத்தனை குடம் ஊற்றினாலும் கொதிக்காது. ஆச்சி கவனித்தது ஒரு சுண்ணாம்பை, முடிவு கட்டியது இன்னொன்றுக்கு.

பள்ளிகளில் பேசக் கூப்பிட்டால் நான் இரண்டு டம்ளர் எடுத்துப் போவேன். ஒன்றில் சுட்ட சுண்ணாம்புக் கட்டி, இன்னொன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நானே தண்ணீர் விடுவேன். முதல் டம்ளரிலிருந்து கிளம்புகிற சூடு பக்கத்தில் நிற்கிறவருக்கே உறைக்கும். இரண்டாவதைப் பிள்ளைகள் வெளிப்பக்கமாகத் தொட்டுப் பார்ப்பார்கள், சூடே இருக்காது. எது கொதிக்கும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னால், பெரும்பாலும் ஆசிரியர்கள்தான் தப்பாக எழுதுகிறார்கள்!

சரி, சுட்ட சுண்ணாம்புத் தூளே விழுந்துவிட்டால்? இமையிலும் கன்னத்திலும் ஒட்டியதை உலர்ந்த துணியால் சட்டெனத் தட்டிவிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிடுங்கள். நாலு சொட்டு விட்டால்தான் சூடு தங்கும். தண்ணீர் பாய்ந்து ஓடினால் சூடும் அதோடு போய்விடும்.

இன்னொரு நினைப்பு: ஆசிட் என்றால் அலறுவார்கள், சுண்ணாம்பு என்றால் “சாப்பிடுற சாமான்தானே” என்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஆகாது, ஆனால் பெரும்பாலும் சுண்ணாம்பே மோசம். அமிலம் மேற்பரப்பை முட்டை வெள்ளைக்கருபோல வேகவைக்கும். வெந்த அந்தப் படலமே பல நேரம் மேற்கொண்டு உள்ளே போகவிடாமல் தடுக்கும். சுண்ணாம்பு அமிலத்துக்கு நேரெதிரான காரம். காரம் அப்படி நிற்காது. செல்களின் கொழுப்புச் சுவரைக் கரைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அமிலமா காரமா என்று காட்டும் அளவுதான் பி.ஹெச்.; ஏழு நடுநிலை, அதற்கு மேல் ஏற ஏறக் காரம். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.ஹெச். 12-க்கு மேல். நம் கண்ணீருக்கு ஏழு சொச்சம்தான்.

அந்தப் பையனின் மேலிமையைத் திருப்பியபோது தயிர்த்துளி மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசிய இடத்தில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. பஞ்சுக் குச்சியால் ஒற்றி ஒற்றி எடுத்து, கழுவி, இமையோரத்தில் பி.ஹெச். தாளை வைத்தால் கருநீலம், காரம் இன்னும் போகவில்லை. மறுபடி கழுவல். தாள் பச்சைக்கு, அதாவது நடுநிலைக்கு, வர ஒரு மணி நேரம் பிடித்தது.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். இப்படி வருகிற கண் நன்றாகச் சிவந்திருந்தால் எனக்கு ஓரளவு நிம்மதி. கருவிழியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் பயம். ரத்தக் குழாய்கள் செத்திருக்கும். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூலச் செல்கள் அந்த விளிம்பில்தான் குடியிருக்கின்றன. அவை போனால் கண்ணாடி போன்ற இடம் மங்கிப்போகும். இவனுக்குக் கால்வாசி விளிம்பு வெளுத்திருந்தது. தப்பித்தான்.

அதற்கு முந்தைய வாரம் வந்த பெண் படிப்பில் கெட்டி. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று படித்தவள், கண்ணில் சுண்ணாம்பு பட்டதும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டாள். கண்ணே, அது சோதனைக் குழாய்க்கு. கண்ணுக்கு இல்லை.

பால், நெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். தண்ணீர். மினரல் வாட்டர் தேடி ஓடாதீர்கள், குழாய்த் தண்ணீர் போதும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடமாவது ஊற்றுங்கள். பிள்ளை கத்துவான், கத்தட்டும். கசக்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. காரிலும் பாட்டிலால் ஊற்றிக்கொண்டே வாருங்கள். சீட் நனைந்தால் காய்ந்துவிடும். பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.

ஆசிரியர்களுக்கு: ஆய்வகத்துப் பாதுகாப்புக் கண்ணாடிகள் பீரோவில் பூட்டிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாவி விடுப்பில் போனவரிடம் இருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடிக்கு நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்பு நீர் தயாரிப்பதை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நீங்களே கரைத்து, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் கொடுங்கள். ஊதச் சொல்லும்போது, உறிஞ்சிவிடாதே என்று ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்.

ஆச்சி அடுத்த தடவை பேரனோடு வந்தபோது வெற்றிலைப் பெட்டியில் பாக்கெட் இல்லை, திருகுமூடி போட்ட டப்பி இருந்தது. “இதுல பிதுங்காதுல்ல தம்பி?” என்று கேட்டார். பிதுங்காது ஆச்சி. அதையும் பரண்மேல் வையுங்கள்.