பிளக் வயர்: கம்பியா, வடமா?

பெட்ரோல் எஞ்சினின் காயிலில் (பேட்டரியின் சிறு வோல்டேஜைப் பல ஆயிரமாக உயர்த்தும் சுருள்) பிறக்கும் உயர் மின்னழுத்தத்தை, சிலிண்டருக்குள் தீப்பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக் வரை கொண்டுசேர்க்கும், தடித்த ரப்பர் உறை போட்ட இணைப்புதான் பிளக் வயர். சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய கார்களில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு ஒன்று, மூடியிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஆக மொத்தம் 9. பட்டறையில் 'ஹெச்.டி. வயர்', 'ஹெச்.டி. லீட்' என்பதும் இதைத்தான். பிளக்குக்கு ஒரு காயில் என்று தலைமேலேயே உட்காரும் புதிய எஞ்சின்களில் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை. பழைய வேகக் கார்களைப் பராமரிப்பவர்களிடம் இது இன்னும் புழங்குகிறது. அதன் பெயர்கள் கிளப்பும் குழப்பங்களும் அவர்களுக்கு உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு, தமிழில் இதை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்யலாம்.

முதலில் 'பிளக்'. சுவரில் செருகும் பிளக் நினைவுக்கு வருவதால் தமிழில் 'தீப்பொறிச் செருகி' ஆயிற்று. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. துளையை அடைக்கும் முளை, தக்கை என்பதுதான் மூலப் பொருள். சுவரில் செருகும் மின் பிளக் பின்னால் வந்தது. ஸ்பார்க் பிளக்கும் சிலிண்டர் தலையில் உள்ள மரைத்துளையைத் திருகி அடைத்து, எரியும் வாயு வெளியேறாமல் காக்கிறது. அந்த வகையில் அது அடைப்பான்தான். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதையே மெழுகுவத்தி என்கிறார்கள். 'செருகி' நூல்களில் நிலைத்துவிட்டது. இனி அதை மாற்ற மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

'ஸ்பார்க்' என்பதற்குப் பொறி என்று மட்டும் போட்டால் சிக்கல். தமிழில் பொறி தீயிலிருந்து தெறிப்பதும் ஆகும், எந்திரமும் ஆகும், எலி பிடிப்பதும் ஆகும், ஐம்புலன்களுக்கு உரியதும் ஆகும். எஞ்சினையே பொறி என்று எழுதுகிற பழக்கம் உள்ளபோது 'பொறிக்கம்பி' என்றால் கிளட்ச் கேபிளா, பிளக் வயரா என்று யாருக்குத் தெரியும்? 'மின்பொறி' என்றாலும் மின் எந்திரம் என்று படிக்க இடமுண்டு. 'தீப்பொறி' ஒன்றுதான் ஐயமில்லாமல் நிற்கிறது.

'ஹெச்.டி.' என்பது ஹை டென்ஷன். இதை 'உயர் இழுவிசை' என்று மொழிபெயர்ப்பது தவறு. மின்னியலில் டென்ஷன் என்பது வோல்டேஜுக்குப் பழைய பெயர். பிரெஞ்சில் இன்றும் அதே சொல்தான், ஜெர்மன் சொல்லும் விறைத்து இழுபட்ட நிலையைக் குறிப்பதே. தமிழ் இழுப்பை விட்டு அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது: மின்னழுத்தம். ஆகவே 'உயர் மின்னழுத்த' என்பதே சரி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த 'டென்ஷன்' வயரால் இழுப்பை மட்டும் தாங்கவே முடியாது. பிளக்கைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கரி இழை அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 'லீட்' என்பதும் இட்டுச்செல்வது என்ற பொருளில் வருவது. அதே எழுத்துகளால் எழுதப்படும் ஈயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி 'வயர்'. நல்ல செம்புக் கம்பி உள்ளே ஓடுகிறது என்று நினைக்க வைக்கும் சொல் இது. கார் கம்பெனியிலிருந்து வந்த பெரும்பாலான பிளக் வயர்களில் கம்பியே கிடையாது. கரி ஏற்றிய கண்ணாடி இழைதான் கடத்தி. அடிக்குச் சில ஆயிரம் ஓம் மின்தடை. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு சிறு ரேடியோ ஒலிபரப்பு. மின்தடை அதை அடக்குகிறது. கெட்டியான உலோகக் கம்பி வைத்த பழைய வகை இந்த இரைச்சலை அப்படியே வெளியே விடும். ரேடியோவில் கரகரப்பு வருவது சின்ன விஷயம்; பொறி எழும் நேரத்தை முறைப்படுத்தும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி அதனால் குழம்பித் தாறுமாறாக வேலை செய்யும். மூன்றாவது வகை சுருள் கடத்தி: காந்தத் தன்மையுள்ள மையத்தின்மேல் மெல்லிய உலோக இழையை நெருக்கமாகச் சுற்றியது. அடிக்குப் பொதுவாக 50 முதல் 500 ஓம். இரைச்சலைச் சுருளின் தூண்டல் அடக்கிக்கொள்ளும். பழைய வேகக் காருக்கு மாற்றுவதென்றால் இதுவே பொருத்தம். கெபாசிட்டர் வழியே பொறி தரும் இக்னிஷன் பெட்டி போட்டிருந்தால் இது கட்டாயம்.

குறைந்த ஓம் என்றால் கூடுதல் குதிரைத்திறன் என்று விளம்பரம் சொல்லும். கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். பொறி தாவும்வரை வயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. எனவே மின்தடையால் பெரிய இழப்பும் இல்லை. தாவிய பிறகு 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 10,000 ஓம் வயரில் விழுவது 300 வோல்ட். காயில் தரக்கூடியதோ 20,000 வோல்ட்டுக்கு மேல். நல்ல நிலையிலுள்ள வயரை எடுத்துவிட்டு விலை கூடியதைப் போட்டால் வண்டி வேகம் கூடாது. கெட்டுப்போனதை மாற்றினால் இழந்தது திரும்பும்.

கெட்டதன் அடையாளம்: ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடும் வண்டி மேட்டில் ஏறும்போதோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோ 'மிஸ்ஸிங்' அடிக்கும். சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. இடைவெளியைத் தாவக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. அந்த வோல்ட்டுக்கு, வெடித்த உறை வழியே பக்கத்து இரும்புக்குத் தாவுவது சுலபமான வழியாகிவிடுகிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று, வயர்கள்மேல் நீரைப் பனிபோல் தெளித்தால் நீலப் பொறி எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கை வைக்கக் கூடாது.

வாங்கும்போது '7 மி.மீ.', '8 மி.மீ.', '8.5 மி.மீ.' என்று போட்டிருப்பது உறையோடு சேர்ந்த வெளி விட்டம். கடத்தியின் தடிமன் அல்ல. தடித்தது என்றால் காப்பு கூடுதல், அவ்வளவே. 7 மி.மீ.க்குச் செய்த பழைய பிடிப்பான்களில் 8.5 நுழையாது, பிடிப்பான்களையும் சேர்த்து வாங்க வேண்டும். சிலிக்கோன் உறை 200 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் கூர்மையான விளிம்பில் உரசினால் எளிதில் கிழியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்க்க வேண்டும்: பழைய மூடிகளில் வயரின் உலோக முனை உள்ளே இறங்கும் குழி, பிந்தையவற்றில் வெளியே நீட்டிய முளை. ஒன்றுக்கானது மற்றதில் பொருந்தாது.

மாற்றும் முறை சுருக்கமாக. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வயர்; எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டால் எரியூட்டு வரிசையை, அதாவது எந்தச் சிலிண்டருக்குப் பின் எது எரியும் என்பதை, தேடி அலைய நேரும். ரப்பர் தொப்பியைப் பிடித்து அரைச்சுற்று திருகி, தொப்பியையே இழுக்க வேண்டும். பழையதை அளந்து அதே நீளத்தில் புதியதை எடுக்க வேண்டும். முனையை நீங்களே போடுவதென்றால் உறையைச் சுமார் 12 மி.மீ. உரித்து, உள் இழையை வெட்டுப்படாமல் உறைமேல் மடக்கி, முனையின் காதுகள் அந்த இழையை அழுத்தும்படி உரிய கிரிம்ப் கருவியால் நெரிக்க வேண்டும். சாதாரணக் குறடு போதாது. தொப்பியின் உள்சுவரில் மெல்லிய பூச்சாக டைஎலக்ட்ரிக் கிரீஸ். இதுவும் ஏமாற்றும் பெயர். இது மின்சாரத்தைக் கடத்தும் பசை அல்ல, கடத்தாப் பசை. ரப்பர் பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கொள்ளாமலும் ஈரம் புகாமலும் காப்பதே அதன் வேலை. பிறகு 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். காயிலிலிருந்து வரும் வயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பழுதானால் எல்லாச் சிலிண்டரும் சேர்ந்தே திணறும்.

அப்படியானால் தமிழில் எதை எழுதுவது? கம்பி என்றால் உலோகம். உலோகமே இல்லாத இடத்தில் அந்தப் பெயர் எதற்கு? வடம் என்பது முறுக்கியோ கோத்தோ செய்த எதற்கும் பொருந்தும்: முத்துவடம், மணிவடம். கேபிளுக்கு 'மின்வடம்' ஏற்கனவே வழக்கில் உள்ளது. கரி இழையோ சுருளோ எது உள்ளே இருந்தாலும் 'தீப்பொறி வடம்' பொய்யாகாது. நீட்டி எழுத வேண்டிய இடத்தில் 'உயர் மின்னழுத்தத் தீப்பொறி வடம்'. கடையில் கேட்கும்போது பிளக் வயர் என்றே கேளுங்கள்.

சேர்ந்து வரும் இரு சொற்கள்: மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் போவது) 'பொறி தவறல்', கிராஸ்ஃபயர் (ஒரு வடத்தின் துடிப்பு பக்கத்துச் சிலிண்டரில் தவறான நேரத்தில் பொறி எழுப்புவது) 'பொறி தாவல்'. இரண்டாவது ஆபத்தானது. செவ்ரலேயின் பழைய சிறிய வி-8 எஞ்சினில் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்தும் எரிபவை. அவற்றின் வடங்கள் ஒட்டி இணையாக ஓடினால், ஐந்தில் பாயும் மின்துடிப்பு ஏழில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஏழாவது சிலிண்டரில் அப்போது அழுத்தம் முழுதாக ஏறியிருக்காது, சின்ன வோல்ட்டுக்கே பொறி தாவிவிடும்; கிராங்க் 90 டிகிரி முன்னதாகவே தீப்பிடித்து, மேலேறும் பிஸ்டனை எதிர்த்து இடிக்கும். பழைய ஃபோர்டு 302 எஞ்சினில் இதே சிக்கல் 7, 8 சிலிண்டர்களுக்கு. இந்த ஜோடி வடங்களுக்கு நடுவே வேறொரு வடத்தை விட்டுப் பிரிக்க வேண்டும். குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் செங்கோணத்தில் குறுக்கிட வேண்டும்.