பருப்புக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை, தாயி

இந்த மாதத்தில் இது மூன்றாவது கேஸ். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இரண்டாவது பிரசவம், சிசேரியன். பன்னிரண்டாம் நாள் என்னிடம் கூட்டிவந்தார்கள். சேலையை விலக்கிப் பார்த்தால் அடிவயிற்றுத் தையல் பாதிக்கு மேல் பிரிந்து வாய் பிளந்து கிடக்கிறது. அதன்மேல் மஞ்சள் தூளும் ஏதோ பவுடரும் குழைந்து, காரை பூசியது போல இறுகியிருந்தது. நான்கு நாளாகச் சீழ் வடிந்திருக்கிறது. "கெட்ட நீரு வெளியேறட்டும்னு விட்டுட்டோம் தாயி" என்றார் கூட வந்த அம்மாச்சி.

எங்களிடம் இப்படி வருவதெல்லாம் முற்றிய பிறகுதான். புண்ணைச் சுத்தம் செய்து உடனே மறுதையல் போட முடியாத அளவுக்குப் போனால்தான் பிளாஸ்டிக் சர்ஜன் ஞாபகம் வரும். அந்தப் பெண்ணின் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரிஜினல் தோலே வச்சுத் தைக்க முடியாதா மேடம்?" என்று கேட்டார். ஐயா, பிளாஸ்டிக் என்றால் இங்கே வடிவம் கொடுப்பது என்று அர்த்தம். குடத்துக்கும் வாளிக்கும் எங்கள் துறைக்கும் உறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் 8 கிராம். சர்க்கரை 240. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும் என்று அதன்பிறகு பார்க்கவே இல்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். காலையில் இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, சாயந்திரம் ரஸ்க், ராத்திரி மறுபடி இட்லி.

"பருப்பு?"

"பச்ச உடம்புக்காரிக்கு யாராச்சும் பருப்புக் குடுப்பாகளா? சீ வச்சிருமே."

"முட்டை, மீன்?"

அம்மாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்த படிப்பு மொத்தமும் செல்லாக்காசாகிவிட்டது.

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும். இந்த ஒரு வாக்கியத்தோடு எத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறேன்! படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற பேதமே கிடையாது. என் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸே தன் மகளுக்கு ஆபரேஷன் ஆனபோது பருப்பை நிறுத்தினார். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

சீழ் என்பது வயிற்றுக்குள் போன பருப்பு வழிந்து வருவது இல்லை. புண்ணில் புகுந்த கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள், செத்த கிருமிகள், கரைந்த சதை, இவை கலந்ததுதான் சீழ். கிருமி இல்லாமல் இப்படிச் சீழ் பிடிக்காது. அந்த வெள்ளை அணுவைச் செய்யவும், தையலுக்குள் புதுச் சதை வளரவும், உடம்புக்கு வேண்டியது புரதம். பருப்பையும் முட்டையையும் நிறுத்துவது எல்லையில் நிற்கும் சிப்பாய்க்குச் சோற்றை நிறுத்துவதற்குச் சமம்.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது. சிசேரியன் புண்ணில் கிருமித் தொற்று பெரும்பாலும் நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் வெளியே தெரியும். நம் ஊரில் அந்தச் சமயத்தில்தான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருவார்கள். வந்த அன்று ஆசையாக ஒரு முட்டையோ ஒரு கரண்டி சாம்பாரோ கொடுத்திருப்பார்கள். மறுநாள் தையல் கசியும். கிருமி உள்ளே போய் ஐந்து நாள் ஆகியிருக்கும், பழி மட்டும் நேற்றுத் தின்ற முட்டைக்கு.

கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். ஒரு முட்டையில் 6. மேலே சொன்ன பத்தியச் சாப்பாட்டை எப்படிக் கூட்டினாலும் பாதியைத் தொட்டால் பெரிது. வடிகிற புண் வழியாகவும் புரதம் போய்க்கொண்டே இருக்கும், பாலிலும் போகும்.

அம்மாச்சியிடம் கேட்டேன், "நீங்க பிள்ளை பெத்தப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"பால்சுறாப் புட்டு, கருவாட்டுக் குழம்பு, பூண்டுக் குழம்பு. ஏழு பிள்ளைக்கும் அதான்."

"அப்ப இவளுக்கு மட்டும் ஏன் இல்லை?"

"என்னைய அறுக்கலையே தாயி."

நியாயமான பதில். பழைய பத்தியத்தில் சுறாவும் கருவாடும் இருந்தன, அதாவது புரதம் இருந்தது. கத்தி பட்டது என்றதும் அதைத்தான் முதலில் வெட்டினோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதே ஆய்வில் நம் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பழமும் இப்படித்தான் தள்ளிவைக்கப்படுகிறது. கொய்யா குளிர்ச்சி, நெல்லிக்காய் குளிர்ச்சி, எலுமிச்சை ஆகாது. பாஸ்டனில் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் 1939இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பழம், காய்கறி தொடாமல், வைட்டமின் சி இல்லாத சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் இருந்தார். மூன்றாம் மாதம் முதுகில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள், ஆறிவிட்டது. ஆறாம் மாதம் போட்ட வெட்டு மேல்தோலில் மூடியது போல இருந்தது, உள்ளே சதை சேரவே இல்லை. ஊசியில் வைட்டமின் சி ஏற்றினார்கள், பத்து நாளில் உள்ளேயும் ஆறத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு நாள் பத்தியத்தில் யாருக்கும் அந்த நிலை வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மசக்கையில் தொடங்கி, அது ஆகாது இது ஆகாது என்று பத்து மாதம் ஓட்டிய உடம்புக்குக் கையிருப்பு எவ்வளவு இருக்கும்? ஆயக்குடிக் கொய்யா மதுரைத் தெருவெல்லாம் தள்ளுவண்டியில் வருகிறது. ஒரு பழம் வாங்கிக் கொடுங்கள், போதும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் சத்துமாவும் பேரீச்சம்பழமும் அந்தப் பெண்ணுக்குத்தான். மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டாம்.

புண்ணைக் காயவிட வேண்டும் என்பது அடுத்த பிடிவாதம். இங்கிலாந்தில் வின்டர் என்பவர் 1962இல் பன்றிகளுக்குச் சிறு காயம் போட்டு, சிலவற்றைக் காற்றாட விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக இருந்தவற்றில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடிக்கொண்டது. பிரிந்த புண்ணை நாங்கள் கட்டுப்போட்டு மூடிவைப்பது அதனால்தான். ஆறிவரும் நல்ல தையலைச் சுற்றியுள்ள தோல் சுத்தமாக, வியர்வை இல்லாமல் இருக்க வேண்டும், அது வேறு. அடிவயிற்று மடிப்பைத் தூக்கித் துடையுங்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு நாள் கழித்து, உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தேய்க்க வேண்டாம். பவுடர், மஞ்சள், பச்சிலை, தேங்காய் எண்ணெய், எதுவும் வேண்டாம். எதுவுமே.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. குடிக்கக் கொடுங்கள்.

குடம் தூக்கச் சொல்லாதீர்கள். தையல் பிரித்ததும் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் அந்தத் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் கால்வாசிகூட இருக்குமா என்பது சந்தேகம். மூன்று மாதமானால் முக்கால்வாசி வரும், முழுசாக என்றைக்கும் வராது.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் டாக்டர் சொன்னபடி பாருங்கள், ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் ஒருமுறை.

அந்தப் பெண்ணுக்குப் புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையை அடக்கி, ரத்தம் ஏற்றி, பிறகு மறுதையல் போட்டோம். மூன்று வாரம் படுக்கை. அதற்குள் குழந்தை புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டது. அம்மாச்சி தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்தார். அவள் சாப்பிடும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆபரேஷன் நாளிலிருந்து முப்பது நாள் எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், நாற்றம், ஒரு சொட்டுக் கசிவு, கூடிக்கொண்டே போகும் வலி, எது வந்தாலும் பிரசவம் பார்த்த டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் யாரும் திட்ட மாட்டோம். பன்னிரண்டாம் நாள் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தால் திட்டத்தான் செய்வேன்.