பனங்கூடலுக்குப் பின்னால் விழுந்ததா?

இரவு வானில் பெரிய தீக்கோளம் ஒன்று ஓடி மறைந்தால், விடிந்ததும் யாழ்ப்பாணத்தில் பேச்சு இதுதான்: "உந்தப் பனங்கூடலுக்குப் பின்னாலதான் விழுந்தது." மானிப்பாயில் நின்றவரும் அப்படித்தான் சொல்வார், பருத்தித்துறையில் நின்றவரும் அப்படித்தான் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருட்டில், பருமன் தெரியாத ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிட முடியாது. காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்று வடக்கே கண்டது, நாகப்பட்டினத்துக்கு மேலே 50 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்ததாகவும் இருக்கலாம்.

விண்வெளியிலிருந்து வரும் கல் காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்து எரியும் ஒளியே எரிவெள்ளி. வெள்ளிக் கோளை விடப் பிரகாசமாக ஒளிரும் எரிவெள்ளியையே வானியலாளர் தீக்கோளம் என்பர். அதற்குப் பெரிய பாறை தேவையில்லை, சில சென்ரிமீற்றர் அகலமுள்ள கல் போதும். வேகம்தான் காரணம்: செக்கனுக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரை. அவ்வளவு வேகத்தில் கல் வரும்போது முன்னாலுள்ள காற்று விலக நேரமில்லாமல் நெரிந்து, பல்லாயிரம் பாகைக்குச் சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்மின் அடி சுடுவதும் இதனால்தான். உராய்வு என்றே பலரும் எழுதுகிறார்கள். பெரும்பங்கு இந்த அமுக்கத்துக்குரியது. கல்லின் மேற்பரப்பு ஆவியாகி ஒளிர்கிறது. மகனீசியம் நீலப்பச்சையும் சோடியம் மஞ்சளும் தரும். காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் சிவப்புத் தரும்.

கல்லில் ஏதாவது மிஞ்சினால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்துக்கு வரும்போது வேகம் அடங்கி ஒளியும் அணைந்துவிடும். பிறகு சில நிமிடங்கள் அது வெறும் கருங்கல்லாகத்தான் விழுகிறது, எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எரிந்தபடியே பனைகளுக்குப் பின்னால் இறங்கியது என்றால், அது பக்கத்தில் விழவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குடாநாட்டைச் சுற்றிக் கடல். மிச்சமும் பெரும்பாலும் மீன்களுக்குத்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நின்ற இருவர், எந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போனது என்று சரியாகக் குறித்து வைத்தாலே, அதன் உயரத்தையும் பாதையையும் கணித்துவிடலாம். அந்தக் குறிப்பு விலைமதிப்பற்றது.

ஒலியைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீற்றர் அகலமுள்ள சிறுகோள் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்க்க மக்கள் யன்னலடிக்கு ஓடினர். இரண்டு நிமிடங்களுக்குப் பின் வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. காயப்பட்டவர்கள் சுமார் 1500 பேர். பகல் போல வெளிச்சம் அடித்தால் யன்னலை விட்டு விலகி நின்று செக்கன்களை எண்ணுங்கள். சத்தம் கேட்கும்வரை எண்ணியதை மூன்றால் வகுத்தால், தூரம் ஏறக்குறையக் கிலோமீற்றரில் வரும்.